ஆம்ப்ளிஃபயரின் காதுகளை மட்டும் நம்பாதீர்கள்: வீட்டில் செய்த ரேக் பெட்டியில் கருவிகளைப் பொருத்தும் முறை

ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர் போன்ற ஒலிக் கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி எடுத்துச் செல்லும் பெட்டிதான் ரேக் பெட்டி. நான் முதன்முதலில் ப்ளைவுட்டில் செய்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது. கனமான ஒரு ஆம்ப்ளிஃபயரை முன்பக்கம் நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கி, வண்டியில் ஏற்றி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் மூடியைத் திறந்தால், ஆம்ப்பின் பின்பகுதி தொங்கி, கீழே இருந்த மிக்ஸரின் மேல் உட்கார்ந்திருந்தது. காது என்று நாம் சொல்கிற அந்த இரண்டு ஓரத் தகடுகளும் வளைந்திருந்தன. வட்டமாக இருந்த ஸ்க்ரூ ஓட்டைகள் இழுபட்டு முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன.

முன்பக்கத்து நாலு ஸ்க்ரூவும் கருவியை அதன் இடத்தில் நிறுத்துவதற்கு மட்டும்தான். கனமான கருவி என்றால் அதன் எடையைப் பின்பக்கமும் தாங்கியாக வேண்டும். புதிதாகப் பெட்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

முதலில் அளவுகள்

ரேக் கருவிகளின் முன்தகடு எங்கே வாங்கினாலும் 19 அங்குல அகலம், அதாவது 482.6 மி.மீ. உயரத்தை ‘யூ’ கணக்கில் சொல்வார்கள். ஒரு யூ என்பது 44.45 மி.மீ. 6 யூ பெட்டிக்கு 266.7 மி.மீ. வரும், உள்ளே 270 மி.மீ. உயரம் வைத்துக்கொண்டால் தகடு உரசாது.

உள் அகலம் 486 மி.மீ. வையுங்கள். 12 மி.மீ. ப்ளைவுட் என்றால் மேல் பலகையும் கீழ் பலகையும் 510 மி.மீ. நீளம் வரும். உள் அகலத்தை ரொம்பக் குறைத்தால் தகடு உள்ளே நுழையாது. ரொம்பக் கூட்டினால் இரண்டு ரெயில்களும் (கருவியின் காதுகளை ஸ்க்ரூ போட்டு மாட்டும், ஓட்டைகள் உள்ள நிமிர்ந்த இரும்புப் பட்டைகள்) விலகிப்போய் ஸ்க்ரூ ஓட்டைகள் ஒத்துவராது. இடது ஓட்டையின் மையத்திலிருந்து வலது ஓட்டையின் மையம் வரை 465.1 மி.மீ. இருக்க வேண்டும். அளவுகோலை மட்டும் நம்பாமல், பசை போடுவதற்கு முன்பே ஏதாவது ஒரு கருவியை ரெயிலில் வைத்துப் பாருங்கள்.

ஆழத்தை முடிவு செய்யும்போது கருவியின் நீளத்தோடு, பின்னால் பிளக்குகளும் வயர்களும் வளைவதற்கு 75 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் குமிழ்கள் மூடியில் இடிக்காமல் இருக்க ரெயிலை 50 மி.மீ. உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

பெட்டியும் ரெயிலும்

மரவேலையை இங்கே விரிக்கவில்லை. மரப்பசையும் ஸ்க்ரூவும் சேர்த்துப் போடுங்கள். ஸ்க்ரூவுக்கு முன்னால் சின்ன டிரில் பிட்டால் வழி ஓட்டை போட்டால் ப்ளைவுட்டின் ஓரம் பிளக்காது. மூலைமட்டம் வைத்து நாலு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு காயவிடுங்கள்.

ரெயிலைப் பொருத்தும்போதுதான் கவனம் தேவை. மர ஸ்க்ரூவால் ரெயிலைப் பிடிக்க வைத்தால், பெட்டி குலுங்கக் குலுங்க அது தளர்ந்து வெளியே வந்துவிடும். பக்கப் பலகையில் மறுபக்கம் வரை போகும் ஓட்டை போட்டு, போல்ட், அகலமான வாஷர், உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு என்று மாட்டுங்கள். கைப்பிடிக்கும் இதே முறைதான். தூக்கும்போது முழுப் பெட்டியின் எடையும் அதில்தான் தொங்குகிறது.

ரெயிலில் இரண்டு வகை உண்டு. சதுர ஓட்டை ரெயிலில் கேஜ் நட்டை (சின்ன உலோகக் கூண்டுக்குள் இருக்கும் நட்டு) செருகி, பெரும்பாலும் எம்6 என்கிற 6 மி.மீ. ஸ்க்ரூ போடுவார்கள். இன்னொன்றில் மரை ரெயிலிலேயே வெட்டப்பட்டிருக்கும். அது 10-32 என்கிற அங்குல அளவாக இருக்கலாம். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். எந்த ஸ்க்ரூவாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏற வேண்டும். ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடிக்கிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள்.

ரெயிலில் ஓட்டைகள் சம இடைவெளியில் இருக்காது. உற்றுப் பார்த்தால் 15.9, 15.9, 12.7 மி.மீ. என்று திரும்பத் திரும்ப வரும். நெருக்கமாக இருக்கிற அந்த 12.7 மி.மீ. ஜோடியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்த யூ தொடங்குகிறது. அந்த இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கருவியை ஒரு ஓட்டை தள்ளி மாட்டிவிட்டு, மேலே இருப்பது ஏன் உட்காரவில்லை என்று திண்டாட வேண்டியிருக்காது.

எது கீழே, எது மேலே

கனமானது அடியில். ஆம்ப்ளிஃபயர் கடைசித் தட்டில், மிக்ஸர், எஃபெக்ட்ஸ், வயர்லெஸ் ரிசீவர் போன்ற லேசானவை மேலே. ஆம்ப்பின் ஃபேன் காற்றை எந்தப் பக்கம் இழுத்து எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கையை வைத்துப் பாருங்கள். மாடலுக்கு மாடல் மாறும். ஒன்று விடும் சூடான காற்றை இன்னொன்று இழுத்துக்கொள்ளக் கூடாது. மேல் மூடியில் காற்றோட்டம் தேவைப்படும் கருவி என்றால் அதற்கு மேல் ஒரு யூ காலியாக விடுங்கள்.

பின்பக்கத் தாங்கல்

சரி, இப்போது முக்கியமான வேலை. 12 கிலோ எடையுள்ள 2 யூ ஆம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடையின் மையம் முன்தகட்டிலிருந்து 20 செ.மீ. பின்னால் இருக்கிறது. பின்பகுதி கீழே இறங்கப் பார்க்கும்போது முன்தகட்டின் மேல்பகுதி ரெயிலை அழுத்தும், கீழ்ப்பகுதி ரெயிலை விட்டு வெளியே வரப் பார்க்கும். தகட்டின் உயரம் 9 செ.மீ. கூட இல்லை என்பதால், கீழ் ஸ்க்ரூ இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. பெட்டி சும்மா நிற்கும்போதே இந்த நிலை. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது இது பல மடங்காகும். என் ஆம்ப்பின் காதுகள் வளைந்தது இதனால்தான்.

தீர்வு எளிது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்பு ஆங்கிள். பல கருவிகளின் உடல் அகலம் 440 மி.மீ. அளவில் இருக்கும். 486 மி.மீ. பெட்டியில் இரண்டு பக்கமும் 23 மி.மீ. இடைவெளி விழும். அதனால் 25 மி.மீ. ஆங்கிள் போதாது, 40 மி.மீ. ஆங்கிள் வாங்கினால்தான் கருவியின் அடி அதன் மேல் உட்காரும்.

உயரத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம். கருவியின் அடியில் இருக்கும் ரப்பர் கால்களைக் கழற்றிவிட்டு, முன் ஸ்க்ரூக்களை லேசாக மட்டும் மாட்டுங்கள். பின்பக்கத்தை ஒருவர் தூக்கிப் பிடிக்கட்டும். பெட்டி சமதளத்தில் இருக்க, மேலே ரசமட்டம் வைத்து மட்டம் வந்ததும், ஆங்கிளை அடியில் ஒட்டி வைத்துப் பக்கப் பலகையில் பென்சிலால் கோடு போடுங்கள். ஆங்கிளின் மேல் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டப் போகிறீர்கள் என்றால் அந்தக் கனத்தைக் கோட்டிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். கருவியை வெளியே எடுத்துவிட்டு டிரில் போடுங்கள்; இரும்புத் துகள் ஆம்ப்புக்குள் விழக் கூடாது. ஆங்கிளையும் போல்ட், நட்டு போட்டே மாட்டுங்கள்.

மாட்டும் வரிசை

எல்லாக் கருவிகளின் பவர் வயரும் கழற்றியிருக்க வேண்டும். அடியிலிருந்து மேலே போங்கள். கருவியை ஆங்கிள் மேல் வைத்து உள்ளே தள்ளி, முதலில் கீழ் ஸ்க்ரூ இரண்டையும் மாட்டுங்கள். இழுப்பை வாங்குவது அவைதான் என்று மேலே பார்த்தோம். பிறகு மேல் ஸ்க்ரூ. நாலும் பாதி ஏறிய பிறகு ஒவ்வொன்றாக முடுக்குங்கள். ஸ்க்ரூத் தலைக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் போட்டால் பெயின்ட் உரியாது. கழற்றும்போது தலைகீழ்: மேல் ஸ்க்ரூ முதலில், கீழ் ஸ்க்ரூ கடைசியில், கருவியை ஒரு கையால் தாங்கியபடி.

கரன்டும் வயரும்

பவர் ஸ்ட்ரிப்பைப் பெட்டிக்குள் சும்மா போட்டு வைக்காமல் ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். எல்லாக் கருவிகளும் இழுக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். அது ஸ்ட்ரிப்பின் அளவுக்குள் இருக்க வேண்டும். ஸ்பீக்கரில் ‘ஹம்ம்’ என்று இரைச்சல் வந்தால் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் ஆட்கள் இருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஒரு வயர் விலகி உலோகப் பெட்டியைத் தொட்டால், பாடகர் பிடித்திருக்கும் மைக் வரை ஷாக் வர வாய்ப்பிருக்கிறது. இரைச்சலுக்கு பேலன்ஸ்டு கேபிள் (வெளி இரைச்சலைக் குறைக்க, இரண்டு சிக்னல் வயர் உள்ள ஆடியோ கேபிள்) போடுங்கள், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து கரன்ட் எடுங்கள். பவர் வயர்களை ஒரு ஓரமாகவும் ஆடியோ வயர்களை எதிர் ஓரமாகவும் கட்டுங்கள். குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் ப்ளஸ் குறி மாதிரி நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

ஓட்டிப் பார்த்தல்

இரண்டு மூடிகளையும் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஓடும்போது முன்மூடியோ பின்மூடியோ ஒருபோதும் மாட்டியிருக்கக் கூடாது. ஆன் செய்யும்போது ஆம்ப் கடைசி, ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில். அப்போதுதான் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடிக்காது. அப்புறம் எல்லாவற்றையும் ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து பெட்டியைத் தூக்கி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது லொடலொடவென்று கேட்டால் அது எது என்று தெரியும்வரை வண்டியில் ஏற்ற வேண்டாம்.

முதல் பயணம் முடிந்ததும் ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும் எடுத்து எல்லா ஸ்க்ரூவையும் போல்ட்டையும் ஒருமுறை முடுக்குங்கள். புது மரம் வாஷருக்கு அடியில் கொஞ்சம் அமுங்கும் என்பதால் முதல் தடவை சில கால் சுற்றாவது ஏறலாம். முடுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து வாஷர் வரை மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அடுத்த முறை எது தளர்ந்திருக்கிறது என்று கோடு விலகியிருப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.