'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தும் முன்: ஃப்ரண்ட்-ரன்னிங் பாட் வேலை செய்யும் விதம்

"இந்த பாட்டின் நிரலை (கோடு) ஒட்டினால் போதும், தினமும் எதீரியம் கொட்டும்" என்று சொல்லும் யூடியூப் வீடியோ கண்ணில் பட்டதா? பணம் போடும் முன் இதைப் படியுங்கள். ஃப்ரண்ட்-ரன்னிங் பாட் என்பது, நீங்கள் வாங்கப்போவதைப் பார்த்து முந்திக்கொண்டு வாங்கி லாபம் பார்க்கும் தானியங்கி நிரல்.

படி 1: நிஜ பாட் என்ன செய்கிறது?

எதீரியத்தில் கிரிப்டோ டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் தளமான யூனிஸ்வாப்பில் டோக்கன் வாங்கும்போது உங்கள் பரிவர்த்தனை உடனே பிளாக்கில் (பரிவர்த்தனைகளைப் பதியும் தொகுப்பில்) ஏறாது. எதீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக். அதுவரை மெம்பூல் என்ற காத்திருப்பு வரிசையில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நிற்கும். பாட் அதைப் பார்த்து, கட்டணம் கூட்டிக் கொடுத்து உங்களுக்கு முன்னால் நுழைந்து வாங்கும். விலை ஏறும். ஏறிய விலையில் நீங்கள் வாங்கியதும் அது விற்றுவிடும். இதற்குப் பெயர் சாண்ட்விச். நடுவில் நசுங்குவது நீங்கள்தான்.

படி 2: தற்காப்பு

ஸ்லிப்பேஜை (விலை எவ்வளவு மாறினாலும் பரவாயில்லை என்று நீங்கள் வைக்கும் வரம்பை) 5% என்று வைப்பது, "ஐந்து சதவீதம் கூட்டி விற்றாலும் சம்மதம்" என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. குறைத்து வையுங்கள், ரொம்பக் குறைத்தால் பரிவர்த்தனை தோற்று, கேஸ் (எதீரியத்தில் பரிவர்த்தனைக்குக் கட்டும்) கட்டணம் மட்டும் போகலாம். வாலட்டில் ஃப்ளாஷ்பாட்ஸ் ப்ரொடெக்ட் என்ற தனி வழிச் சேவையைச் சேர்த்தால் உங்கள் பரிவர்த்தனை பொது மெம்பூலுக்கே போகாது.

படி 3: வீடியோ மோசடியைப் பிடிப்பது

சரி, அந்த வீடியோவுக்கு வருவோம். ரீமிக்ஸ் என்ற நிரல் எழுதும் தளத்தில் சாலிடிட்டி (எதீரிய நிரல்மொழி) கோடு ஒன்றை ஒட்டு, டிப்ளாய் செய் (எதீரியத்தில் ஏற்று), அப்படி ஏறிய ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற நிரலுக்கு ஈதர் (எதீரியத்தின் நாணயம்) அனுப்பு, 'ஸ்டார்ட்' அழுத்து என்பார்கள். ரீமிக்ஸ் நல்ல கருவிதான், விஷம் அந்தக் கோடில் இருக்கிறது.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டால் மெம்பூலைப் பார்க்கவே முடியாது. மெம்பூல் இருப்பது நோடுகளின் (எதீரியத்தை இயக்கும் கணினிகளின்) நினைவகத்தில், பிளாக்செயினில் இல்லை. நிஜ பாட்டுக்கு அதைக் கவனிக்க, செயினுக்கு வெளியே தனி நிரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே "மெம்பூலை ஸ்கேன் செய்யும்" சாலிடிட்டி கோடு என்றாலே பொய்.

அப்புறம், அந்தக் கோடில் பணம் எங்கே போகிறது என்று தேடுங்கள். மோசடிக்காரரின் முகவரியைத் துண்டு துண்டாக வெட்டி, 'மெம்பூல்' என்று பெயர் வைத்த ஃபங்ஷன்களுக்குள் ஒளித்திருப்பார்கள். ஓடும்போது துண்டுகள் ஒட்டிக்கொள்ளும், ஈதர் அங்கே போய்விடும்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? 'வித்ட்ரா' பொத்தானையும் தொடாதீர்கள். பல பதிப்புகளில் அதுவும் அதே முகவரிக்குத்தான் அனுப்பும். கோடு தெரிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். "மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று டெலிகிராமில் வருபவர் அடுத்த திருடர்.