தொட்டிச் செடியில் ஓடியது, தோட்டத்தில் நின்றது: மாணவர் ஆய்வுத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் ஆண்டு தவறாமல் முளைக்கும் திட்டம் ஒன்று உண்டு: மண்ணின் ஈரத்தை அளந்து தானாகவே தண்ணீர் பாய்ச்சும் கருவி. ஒரு தொட்டிச் செடி, மண்ணில் செருகிய இரண்டு முள் சென்சார், ஒரு சின்னப் பம்பு. மதிப்பீட்டாளர்கள் வந்து நின்றதும் மாணவர் சென்சாரைக் காய்ந்த மண்ணில் குத்துவார், பம்பு ஓடும். ஈர மண்ணுக்கு மாற்றுவார், பம்பு நிற்கும். கைதட்டல், மதிப்பெண், புகைப்படம்.

அதே கருவியை அப்படியே சில வாரங்கள் விட்டுப் பாருங்கள். முட்களுக்கு இடையே நேர்மின்னோட்டம் இடைவிடாமல் பாய்வதால் மின்னாற்பகுப்பு நடக்கும், ஒரு முள்ளின் உலோகப் பூச்சு கரையும், மின்தடை கூடும். ஈர மண்ணைக் கருவி காய்ந்த மண் என்று படிக்கும். பம்பு நிற்காமல் ஓடி, காப்பாற்ற வந்த செடியையே அழுகவைக்கும். சரிசெய்வது கடினமில்லை. அளக்கும் நொடியில் மட்டும் சென்சாருக்கு மின்சாரம் கொடுக்கலாம், அல்லது உலோகம் மண்ணில் படாத மின்தேக்கு வகைச் சென்சாரைப் பொருத்தலாம். ஆனால் இப்படியொரு கோளாறு வரும் என்பதே பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்களுடைய கருவி ஒரு பிற்பகலுக்கு மேல் உயிர் வாழ்ந்ததே இல்லை.

மாணவர் திட்டங்களில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரில் கிளைத்தவை. செயல்விளக்கம் நடக்கும் அந்த ஒரு நாளுக்காக வேலை நடக்கிறது. அடுத்த நாளைப் பற்றிய கவலை யாருக்கும் இல்லை.

கேள்வி இல்லாத தலைப்பு

"செயற்கை நுண்ணறிவு அடிப்படையிலான", "பொருள்களின் இணையம் வழியிலான" என்று தொடங்கும் தலைப்புகளைக் கண்டாலே எனக்குச் சற்று அச்சம். எந்தக் கருவியைப் பயன்படுத்தப் போகிறோம் என்பது முடிவாகிவிட்டது. எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பது முடிவாகவில்லை. அத்தகைய திட்டத்துக்குத் தோல்வியே கிடையாது. விளக்கு எரிந்தால் வெற்றி. தோற்க முடியாத திட்டத்திலிருந்து கற்றுக்கொள்ளவும் ஒன்றும் கிடைப்பதில்லை.

காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பும் சென்சாரை வைத்துத் தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடப்படுகிறது. நிரலில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அது 20 டிகிரி செல்சியஸ் காற்றுக்கான எண். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். 40 டிகிரியில் அது 355 மீட்டரை நெருங்கிவிடும். வெயிலில் கொதிக்கும் தொட்டியில் ஒரு மீட்டர் தூரத்தைக் கருவி மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் குறைத்துச் சொல்லும். இப்போது ஒரு கேள்வி பிறக்கிறது: வெப்பநிலையையும் சேர்த்து அளந்து திருத்தினால் பிழை எவ்வளவு குறையும்? தொட்டிக்குள் மேலே சூடான காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் இருந்தால் ஒரே வெப்பமானி போதுமா? பொருள்கள் அதேதான், செலவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முன்னது காட்சிப்பொருள்; பின்னது ஆய்வு.

"யாரும் செய்யாததைத்தான் செய்வேன்"

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. புதுமை, புதுமை என்று அலைந்து, ஏற்கெனவே செய்ததைத் திரும்பச் செய்வதை இழிவாக நினைப்பது. மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பொருளாதாரம் படித்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவருக்கு, வெளியான ஆய்வு ஒன்றின் முடிவைத் தானே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் பயிற்சி தரப்பட்டது. பொருளாதார அறிஞர்களான ரைன்ஹார்ட், ரோகாஃப் ஆகிய இருவரும் 2010இல் எழுதிய கட்டுரையை அவர் எடுத்துக்கொண்டார். அரசுக் கடன், நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்று சொல்லி, பல நாடுகளின் கொள்கை விவாதங்களில் மேற்கோளாக வலம்வந்த கட்டுரை அது. மாணவருக்கு எப்படிப் போட்டாலும் கணக்கு ஒத்துவரவில்லை. கட்டுரையை எழுதியவர்களிடமே கேட்டு வாங்கிய எக்செல் கோப்பைத் திறந்தால், சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதையும், தரவுத் தேர்விலும் எடையிடுவதிலும் கண்ட குறைகளையும் திருத்தி 2013இல் அவரும் அவருடைய பேராசிரியர்களும் வெளியிட்ட கணக்கில், 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதமாக இருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதமாக மாறியது. வகுப்புப் பயிற்சிதான் அது.

பிறர் செய்ததைத் தேடிப் படிப்பதையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். அறிக்கை எழுதும் வாரத்தில், பின்னிணைப்பை நிரப்பக் கட்டுரைகளைத் தேடுகிறவர்கள் அதிகம். முதல் வாரத்தில் தேட வேண்டியது அது. காப்புரிமைத் தரவுத்தளங்களையும் கூடவே பாருங்கள். ஆய்விதழ்களில் வராத பல கருவிகள் அங்கே வரைபடத்தோடு கிடைக்கும்.

கடைசி வாரத்தில் கூட்டிச் சேர்ப்பது

நான்கு பேர் கொண்ட குழு. ஒருவர் இயந்திர உடல், ஒருவர் மின்சுற்று, ஒருவர் நிரல், ஒருவர் அறிக்கை. மூன்று மாதம் தனித்தனியாக வேலை. கடைசி வாரத்தில் ஒன்றுசேர்ப்பு. அன்றுதான் தெரியும், மோட்டார் பொருத்த விட்ட துளை மோட்டாரைவிடச் சின்னது என்று.

இதற்கு மாற்று எப்படி இருக்கும் என்பதற்கு வானூர்தி வரலாற்றில் அருமையான உதாரணம் இருக்கிறது. மனித உடல் வலிமையால் மட்டுமே பறக்கும் விமானத்துக்காக ஹென்றி கிரெமர் என்ற தொழிலதிபர் 1959இல் பரிசு அறிவித்தார். அரை மைல் இடைவெளியில் நட்ட இரண்டு கம்பங்களைச் சுற்றி எட்டு வடிவில் பறந்து காட்ட வேண்டும். பல குழுக்கள் முயன்றன. மாதக்கணக்கில் நுணுக்கமாக இழைத்து ஒரு விமானம் செய்வார்கள், ஒரு மோதலில் அது நொறுங்கும், மறுபடி மாதக்கணக்கு. அமெரிக்கப் பொறியாளர் பால் மக்கிரெடி பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். சில மணி நேரத்தில் பழுதுபார்த்து மீண்டும் பறக்கவிடக்கூடிய விமானம் ஒன்று வேண்டும் என்றார். அலுமினியக் குழாய், மெல்லிய பிளாஸ்டிக் தாள், பியானோக் கம்பி, ஒட்டு நாடா. பார்க்க அழகாக இல்லை. உடைந்தது, ஒட்டினார்கள், மாற்றினார்கள், பறந்தார்கள். 1977 ஆகஸ்ட் 23 அன்று மிதிவண்டி வீரர் பிரையன் ஆலன் மிதிக்க, 'காஸமர் காண்டர்' என்ற அவர்களுடைய விமானம் அந்தப் பாதையைச் சுற்றி முடித்து 50,000 பவுண்டைத் தட்டிச் சென்றது. மற்றவர்கள் ஒரு தவறைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட காலத்தில் இவர்கள் பல தவறுகளைச் செய்து முடித்திருந்தார்கள்.

ஆகவே இரண்டாவது வாரத்திலேயே, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் சரி, எல்லாப் பாகமும் ஒன்றோடொன்று பேசும் ஒரு வடிவம் மேசைமேல் இருக்கட்டும். அட்டைப்பெட்டி உடல் போதும். நிரலில் போலி எண்கள் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு பாகமாக நல்லதை வைத்து மாற்றிக்கொண்டே போகலாம்.

மின்சுற்றில் திரும்பத் திரும்ப வரும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டாரையும், நிரலை ஓட்டும் சின்னக் கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலரையும் ஒரே மெலிந்த மின்மூலத்தில் மாட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், மின்னழுத்தம் சரியும், மைக்ரோகண்ட்ரோலர் அணைந்து மறுபடி தொடங்கும், நீங்கள் இரவெல்லாம் நிரலில் பிழை தேடுவீர்கள். தனித்தனி மின்மூலம் வைத்தால் அவற்றின் தரைக் கம்பிகளை (ground) ஒன்றோடொன்று இணைக்க மறக்காதீர்கள். 5 வோல்ட்டில் இயங்கும் ஆர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையின் வெளியீட்டை 3.3 வோல்ட் பலகையின் உள்ளீட்டில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். லித்தியம் பாலிமர் பேட்டரியைக் கலத்துக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே வடியவிடாதீர்கள். நகரும் வண்டியில், கம்பிகளை வெறுமனே செருகும் பிரெட்போர்டு வேண்டாம், சோல்டர் செய்துவிடுங்கள்.

ஆசைப்பட்ட எண்

மேலே சொன்னவற்றில் ஏமாறுவது கருவி. இனிச் சொல்லப்போவதில் ஏமாறுவது நாம். அதனால் இது மோசமானது.

1903இல் பிரான்சின் நான்சி நகரில் ரெனே பிளாண்ட்லோ என்ற மதிப்புமிக்க இயற்பியலாளர் 'N கதிர்கள்' (N-rays) என்ற புதிய கதிர்வீச்சைக் கண்டதாக அறிவித்தார். இருட்டறையில் மங்கலான ஒளி சற்றே கூடுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் அளவீடு. பலரும் பார்த்தார்கள், கட்டுரைகள் குவிந்தன. மறு ஆண்டு அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அந்த ஆய்வகத்துக்குச் சென்றார். சோதனை நடந்துகொண்டிருக்கும்போது இருட்டில் ஓசைப்படாமல் கருவியின் முப்பட்டகத்தை எடுத்துவிட்டார். அது இல்லாமல் எதுவுமே தெரியக்கூடாது. ஆனால் அவர்கள் தொடர்ந்து அளவுகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. பார்க்க விரும்பியதைப் பார்த்தார்கள்.

இன்றைய இருட்டறை, இயந்திரக் கற்றல் திட்டங்களின் துல்லியச் சதவீதம். ஆயிரம் படங்களில் ஐம்பது மட்டுமே நோயுற்றவை என்றால், எல்லாவற்றையும் "நலம்" என்று சொல்லும் மூன்று வரி நிரலுக்குக்கூட 95 சதவீதத் துல்லியம் கிடைக்கும். ஒரு நோயாளியையும் கண்டுபிடிக்காமலே. இன்னொரு பொறி: ஒரே ஆளின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் பிரிந்து விழுவது. பயிற்சி பெறும் நிரல், அதாவது மாதிரி (model), நோயைக் கற்காமல் ஆளைக் கற்றுக்கொள்ளும். தோல் புற்றுநோய்ப் படங்களில் பயிற்றுவிக்கப்பட்ட ஒரு மாதிரி, படத்தில் அளவுகோல் இருந்தாலே அதைப் புற்று என்று சொல்லச் சாய்ந்தது. சந்தேகத்துக்குரிய கட்டிக்குப் பக்கத்தில்தானே மருத்துவர்கள் அளவுகோலை வைத்துப் படமெடுக்கிறார்கள்! உங்கள் மாதிரிக்கு 99 சதவீதம் வந்தால் கொண்டாடுவதற்கு முன் அதன் முப்பட்டகத்தை எடுத்துப் பாருங்கள். எது நோய், எது நலம் என்று பயிற்சிப் படங்களுக்குத் தந்த விடைக் குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டுப் பயிற்றுவியுங்கள். அப்போதும் நல்ல எண் வந்தால், எங்கோ விடை கசிந்திருக்கிறது.

தவறான முடிவு வந்துவிட்டால் என்ன செய்வது? 2011 செப்டம்பரில் ஓபெரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழுவினர், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோவுக்குச் சுமார் 730 கிலோமீட்டர் பயணித்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அளந்தார்கள். மாதக்கணக்கில் தேடியும் பிழை அகப்படவில்லை. அதை அப்படியே சொல்லி, பிறரும் சோதிக்கட்டும் என்று முன்வைத்தார்கள். மறு ஆண்டு, நேரக் குறிப்பைக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாகச் செருகப்படாதது தெரியவந்தது. கம்பி தளர்ந்திருந்தது அவமானம்தான். ஆனால் "எங்களுக்குப் பிழை அகப்படவில்லை, உங்களுக்குத் தெரிகிறதா" என்று கேட்ட விதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. மாணவர் அறிக்கைகளில் நான் அதிகம் தேடுவதும் அரிதாகக் காண்பதும் அப்படிப்பட்ட ஒரு பத்தியைத்தான்: எங்கே, எந்த நிலையில், எத்தனை முறை தோற்றது என்று சொல்லும் பத்தி. பத்து முறை ஓட்டி ஏழு முறை வென்றது என்று எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் கூட்டித்தான் போடுவேன்.

காப்புரிமைக்கு முன் சுவரொட்டி

உண்மையிலேயே புதிதாக ஒன்று கிடைத்துவிட்டால், மகிழ்ச்சியில் அதைக் கண்காட்சியில் வைத்து, காணொளி எடுத்து, மறுநாளே வெளியிடுவது வழக்கம். காப்புரிமை வேண்டும் என்றால் இந்த வரிசை தலைகீழ். ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்தில், மிகக் குறுகிய விதிவிலக்குகள் தவிர, விண்ணப்பத்துக்கு முன் பொதுவில் வெளிப்பட்ட எதுவும் புதியதாகாது. வெளியிட்டவர் கண்டுபிடித்தவரே ஆனாலும் சரி. அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு 12 மாதச் சலுகைக் காலம் உண்டு. மாநாட்டுச் சுவரொட்டியும், யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய நூலகத்து ஆய்வேடும்கூட வெளிப்பாடுதான். முதலில் விண்ணப்பம், பிறகு மேடை.

உரிமை யாருக்கு என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி பேஜ் ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது உருவான, இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையின் காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருந்தது. கூகுள் அதை உரிமம் பெற்றே பயன்படுத்தியது. அதற்கு ஈடாகக் கிடைத்த பங்குகளை ஸ்டான்ஃபோர்ட் விற்று முடித்தபோது 33 கோடி டாலருக்கும் மேல் வந்தது. சில பல்கலைக்கழகங்கள் மாணவர் கண்டுபிடிப்பை மாணவருக்கே விடுகின்றன. ஆய்வகக் கருவியோ நிதியோ பயன்பட்டிருந்தால் பங்கு கேட்பவையும் உண்டு. விதியைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு புலம்புவதில் பயனில்லை. குழுவுக்குள்ளும் இதே பேச்சு வேண்டும். நான்கு நண்பர்கள் பிரிந்த ஒரு சண்டையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பக்கக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தால் அது நடந்திருக்காது.

ஒப்படைப்பு

"இறுதி", "இறுதி புதியது", "இறுதி இதுதான்" என்று மூன்று கோப்புகள். எது உண்மையில் ஓடியது என்பது அதை எழுதியவருக்கே நினைவில்லை. படிப்பு முடிந்ததும் கருவி அலமாரிக்குப் போகும். மறு ஆண்டு வரும் குழு அதைப் பிரித்து மோட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு அதே திட்டத்தை முதலிலிருந்து தொடங்கும். தேதியிட்ட ஆய்வகக் குறிப்பேடும், மாற்றங்களைக் காலவரிசையில் சேமிக்கும் கிட் (Git) போன்ற மென்பொருளும் இருந்தால் இதில் பாதியைத் தவிர்க்கலாம்.

மீதிப் பாதிக்கு ஒரு சோதனை இருக்கிறது. கிளம்புவதற்கு முன், உங்கள் திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத இளைய மாணவர் ஒருவரிடம் கருவியையும் குறிப்பையும் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். குறிப்பைப் படித்து அவர் ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டு வருவார். ஓரிடத்தில் கை நிற்கும். நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்போதும் பேசாதீர்கள். குறிப்பில் அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது. அதை எழுதிச் சேர்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து இணைக்கச் சொல்லுங்கள்.