முடிச்சில் தொடங்க வேண்டிய கணக்கு: சமநிலையிலுள்ள துகளின் மீது செயல்படும் விசைகளைக் காணும் முறை

பங்குனித் திருவிழாவுக்காக மயிலாப்பூர் மாட வீதியில், எதிரெதிர் வீட்டு மாடிகளிலிருந்து வரும் இரண்டு கம்பிகள் ஒரு முடிச்சில் சேர, அந்த முடிச்சிலிருந்து 20 கிலோகிராம் நிறையுள்ள அலங்கார விளக்கு ஒரு கயிற்றில் தொங்குவதாகக் கொள்வோம். இடக் கம்பி கிடைமட்டத்துடன் 30 பாகையும் வலக் கம்பி 45 பாகையும் சாய்ந்துள்ளன. கம்பி, கயிறு ஆகியவற்றின் எடையைப் புறக்கணிக்கலாம்.

எதைத் துகளாக, அதாவது விசைகள் செயல்படும் ஒரே புள்ளியாக, கொள்வது என்பதுதான் முதலில் எடுக்க வேண்டிய முடிவு. பலர் சறுக்குவதும் இங்கேதான். விளக்கைத் துகளாகக் கொண்டால், கயிற்றின் இழுவிசை 20 × 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்) = 196 நியூட்டன் என்று தெரியுமே தவிர, கம்பிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்று விசைகளும் சந்திக்கும் முடிச்சையே எடுக்க வேண்டும். தாளில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து வெளிநோக்கி மூன்று அம்புக்குறிகளை வரையுங்கள். கம்பியால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. வீடு, சுவர் எதுவும் இந்தப் படத்தில் வேண்டாம்.

முடிச்சு அசையாமல் இருப்பதால் அதன் மீதான நிகர விசை சுழி. ஆகவே கிடைத்திசைக் கூறுகளின் கூட்டுத்தொகையும் செங்குத்துக் கூறுகளின் கூட்டுத்தொகையும் தனித்தனியே சுழியாக வேண்டும். இடக் கம்பியின் இழுவிசையை அ என்றும் வலக் கம்பியின் இழுவிசையை ஆ என்றும் குறித்தால்,

அ × கோசைன் 30° = ஆ × கோசைன் 45°
அ × சைன் 30° + ஆ × சைன் 45° = 196

கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து அளந்ததால்தான் முதல் வரியில் கோசைன் வந்தது. வினாவில் கோணம் சுவரிலிருந்து தரப்பட்டிருந்தால் சைனும் கோசைனும் இடம் மாறும். கிடைத்திசை என்றாலே கோசைன் என்று மனப்பாடம் செய்தவர்கள் அங்கே மதிப்பெண்ணைக் கோட்டை விடுவார்கள்.

சைன் 45°, கோசைன் 45° இரண்டும் சமம் என்பதால், முதல் வரியை இரண்டாவதில் நேரடியாக இட்டுவிடலாம்: 1.366 அ = 196. எனவே அ ஏறத்தாழ 143.5 நியூட்டன், ஆ ஏறத்தாழ 175.7 நியூட்டன். அதிகம் நிமிர்ந்திருக்கும் கம்பியே அதிகம் இழுபடுகிறது.

விசைகள் மூன்றே என்பதால் லாமியின் தேற்றத்தைக் கொண்டு விடையைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு விசையையும் மற்ற இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே எண் வர வேண்டும்; 143.5ஐ சைன் 135° ஆலும், 175.7ஐ சைன் 120° ஆலும், 196ஐ சைன் 105° ஆலும் வகுத்தால் மூன்றும் ஏறத்தாழ 203. ஒரே தளத்தில் மூன்றாவது கம்பியும் கட்டப்பட்டால் இந்த வழி உதவாது; அறியாத விசைகள் மூன்று, சமன்பாடுகளோ இரண்டே.

இதே விளக்கை, கம்பிகள் இரண்டும் 5 பாகை மட்டுமே சாயும்படி விறைப்பாக இழுத்துக் கட்டினால், ஒவ்வொரு கம்பியின் இழுவிசையும் 196 ÷ (2 × சைன் 5°), அதாவது ஏறத்தாழ 1,124 நியூட்டன் ஆகிவிடும். விளக்கு கட்டுபவர் கம்பியில் தொய்வு விடுவது சோம்பலால் அல்ல.