இறங்காத கார்டைத் தள்ளாதீர்கள்: ரவுட்டரில் மாட்யூல் பொருத்தும்போது நேரும் தவறுகள்

ரேக்கில் இருக்கும் ரவுட்டரில் ஒரு லைன் கார்டு (கேபிள்கள் மாட்டும் போர்ட்டுகள் உள்ள செருகு மாட்யூல்) போடுவது பத்து நிமிட வேலை. பெரிய நஷ்டமெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வருகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களைக் கவனித்தால், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள். கேபிளில் பெயர் எழுதி ஒட்டுவது, கான்ஃபிகரேஷனைச் சேமித்துவிட்டுத் தொடங்குவது போன்றவற்றை யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அவற்றை விட்டுவிடுகிறோம்.

கையில் பட்டை இருக்கிறது, எர்த் இல்லை

உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் மின்சாரத்தை எர்த்துக்குக் கடத்தும் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு, அதன் கிளிப்பைப் பெயின்ட் அடித்த ரேக் கம்பத்தில் கவ்வ விடுகிறார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பட்டை கட்டியும் கட்டாத மாதிரிதான். ரவுட்டரின் உலோகக் கூடான சேசிஸில் இதற்கென்றே ஒரு துளை இருக்கும், அதில் செருகுங்கள். துளை இல்லையென்றால் பெயின்ட் இல்லாத வெற்று உலோகத்தில் மாட்டுங்கள். சட்டைக் கை மேல் கட்டாமல் தோலில் படும்படி கட்ட வேண்டும்.

பட்டையின் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். மின்சாரம் உள்ள பகுதியைத் தப்பித் தவறித் தொட்டுவிட்டால் உடம்பில் பாயும் கரண்டைக் கட்டுப்படுத்துவது அதுதான். மாதம் ஒருமுறையாவது மீட்டர் வைத்துப் பாருங்கள்: 1 முதல் 10 மெகாஓமுக்குள் காட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் உங்களுக்கு ஆபத்து, மேலே போனால் கார்டுக்கு ஆபத்து.

"சுரீர்னு ஒண்ணும் அடிக்கலையே" என்பார்கள். ஸ்டேட்டிக் நம் கைக்குத் தெரிய ஏறக்குறைய 3,000 வோல்ட் ஆக வேண்டும். சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டுக்குக் குறைவானதே போதும். அடிபட்ட சிப் அன்றே சாக வேண்டும் என்பதும் இல்லை. சில மாதம் ஓடிவிட்டு, காரணம் தெரியாமல் நிற்கும்.

இன்னொன்று. இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கிவிட்டால் அவற்றின் வழியாக வந்த எர்த்தும் போய்விடும். சேசிஸுக்குத் தனி எர்த் வயர் போட்டிருக்கிறதா என்று முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

இறங்கவில்லையே என்று தள்ளுவது

இத்தனை வருடமாகியும் எங்களுக்கு ஆறாத கோபம் இதில்தான். ஏனென்றால் இது முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

கார்டைச் செருகும் ஸ்லாட்டின் கோடியில் பேக்பிளேன், அதாவது எல்லாக் கார்டுகளையும் இணைக்கும் பலகை, இருக்கிறது. பல மாடல்களில் அதில் தையல் ஊசியைவிட மெல்லிய பின்கள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். கார்டின் கனெக்டரில் அவற்றுக்கு நேராகத் துளைகள். ஒரே ஒரு பின் அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் போதும். துளைக்குள் போகாமல் கனெக்டரின் பிளாஸ்டிக்கில் முட்டி மடங்கும். மடங்கி, பக்கத்துப் பின்னைத் தொடும். அந்தப் பக்கத்துப் பின் பவர் பின்னாக இருந்தால் கார்டு அங்கேயே போச்சு.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். நள்ளிரவு தாண்டிய பராமரிப்பு நேரம். போனில் மறுமுனையில் யாரோ காத்திருக்கிறார்கள். கார்டின் முகப்புத் தகடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது, எல்.இ.டி. எரியவில்லை. கட்டைவிரலால் ஓர் அழுத்து. நகரவில்லை. சரி, ஸ்க்ரூவை முடுக்கினால் தானாக உள்ளே போய்விடும் என்று ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார்கள். அந்த ஸ்க்ரூ கார்டை உள்ளே இழுப்பதற்கானது அல்ல. உட்கார்ந்த கார்டு நகராமல் பிடிக்கவும், தகட்டை எர்த்தோடு சேர்க்கவும்தான். மரை வழியாகப் போகும் விசை எவ்வளவு என்று கைக்குத் தெரியாது. பின் மடங்குவதும் தெரியாது.

இதற்குப் பிறகு செய்வதுதான் இன்னும் மோசம். "கார்டு கெட்டிருக்கும்" என்று முடிவுகட்டி, நல்ல ஸ்பேர் கார்டை அதே ஸ்லாட்டில் ஏற்றுகிறார்கள். மடங்கிய பின் அதையும் பாழாக்குகிறது. அப்புறம், முதல் கார்டைச் சோதிக்கிறேன் என்று பக்கத்து ஸ்லாட்டில் போடுகிறார்கள். நசுங்கிய துளையும் அதில் சிக்கிய ஒடிந்த பின்னுமாக அந்தக் கனெக்டர் போய், நன்றாக இருந்த ஸ்லாட்டின் பின்களையும் வளைக்கிறது. அரை மணி நேரத்தில் இரண்டு கார்டு, இரண்டு ஸ்லாட். பேக்பிளேனைக் கார்டு மாதிரி கழற்றி மாற்ற முடியாது. பல மாடல்களில் சேசிஸையே மாற்ற வேண்டும். அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மற்ற எல்லாக் கார்டையும் நிறுத்தி, கழற்றி, மறுபடி ஏற்ற வேண்டும்.

சரியான முறை இது. கார்டின் முகப்பில் இரு ஓரத்திலும் இருக்கும் லிவர்கள் இரண்டையும் வெளிப்பக்கமாக முழுதாகத் திறந்துவிடுங்கள். கார்டின் இரு விளிம்பும் ஒரே ஸ்லாட்டின் தண்டவாளங்களில் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு விளிம்பு பக்கத்துத் தண்டவாளத்தில் ஏறிக்கொள்வது அடிக்கடி நடக்கும். லிவர்கள் சேசிஸின் விளிம்பைத் தொடும்வரை மெதுவாகத் தள்ளுங்கள். அதுவரை எந்த இடத்திலும் பலம் தேவைப்படக்கூடாது. பிறகு இரண்டு லிவரையும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் மூடுங்கள். ஒன்றை மட்டும் முதலில் மூடினால் கார்டு கோணலாகித் திரும்பும். ஒரு மூலைப் பின்கள் முதலில் மாட்டிக்கொள்ளும்.

லிவர் பாதியில் நின்றால் கையை எடுங்கள். கார்டை முழுதாக வெளியே எடுத்து, டார்ச்சை ஸ்லாட்டுக்குள் சாய்வாக அடியுங்கள். நேராக நிற்கும் பின்களின் வரிசை ஒரே கோடாக மினுங்கும். சாய்ந்த பின் அந்தக் கோட்டிலிருந்து விலகித் தெரியும். கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால் போன் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கார்டின் கனெக்டரையும் பாருங்கள்: நசுங்கிய துளை, பேக்கிங் பஞ்சின் துணுக்கு, கழற்ற மறந்த பிளாஸ்டிக் மூடி.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லையென்றால் பக்கத்துக் கார்டைச் சந்தேகப்படுங்கள். அதன் ஓரத்தில் இடுக்கை அடைக்கும் உலோக கேஸ்கெட் இந்த ஸ்லாட்டுக்குள் துருத்திக்கொண்டு நிற்கலாம். பெரிய சேசிஸ்களில் கேஸ்கெட்டை அமுக்கி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் அடுத்த கார்டை ஏற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் ஒரு கார்டின் ஸ்க்ரூவை முடுக்கி முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது.

பின் வளைந்திருந்தால் அந்த ஸ்லாட்டை மூடி, "பயன்படுத்தக் கூடாது" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ட்வீசரால் நிமிர்த்தும் வேலை வேண்டவே வேண்டாம். ஒருமுறை மடங்கிய பின் நிமிர்ந்தாலும் பழைய பலத்தோடு இருக்காது.

ஓடும்போதே எதையும் கழற்றலாம் என்ற நினைப்பு

ஒரே சேசிஸில் ஒரு மாட்யூலை ஓட்டத்திலேயே கழற்றலாம், இன்னொன்றுக்கு பவரை நிறுத்தியாக வேண்டும். அந்த மாட்யூலின் கையேட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஓட்டத்தில் கழற்றக்கூடியதையும் முதலில் கமாண்ட் கொடுத்து ஆஃப்லைன் ஆக்கி, எல்.இ.டி. அணைந்த பிறகே எடுக்க வேண்டும். இரண்டு பவர் சப்ளை இருக்கும் ரவுட்டரில் ஒன்றை அணைப்பது ரவுட்டரை அணைப்பது ஆகாது.

ஓட்டத்தில் ஏற்றும் கார்டுகளுக்குப் பின்கள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. எர்த் முதலில் தொட்டு, சிக்னல் கடைசியில் தொடும்படி நீளம் வைத்திருப்பார்கள். எனவே லிவரை மூடத் தொடங்கிவிட்டால் தயங்காமல் ஒரே சீராக மூடுங்கள். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டு நிற்கும் கார்டு மற்றக் கார்டுகளையும் தடுமாற வைக்கலாம்.

லிவரைப் பிடித்துக் கார்டைத் தூக்குவது

கூடாது. ஒரு கை முகப்பில், ஒரு கை அடியில்.

காலி ஸ்லாட்டைத் திறந்து விடுவது

பிளாங்க் தகட்டை மாட்டுங்கள். காற்று அந்த ஓட்டை வழியே போய்விட்டால் மற்றக் கார்டுகள் சூடேறும்.

பவர் கணக்குப் பார்க்காமல் ஏற்றுவது

ஒரு சப்ளை செத்தாலும் மிச்சமிருப்பது புதிய கார்டையும் சேர்த்துத் தாங்குமா என்று வாட் கணக்குப் போடுங்கள். இப்போது ஓடுகிறதே என்பது கணக்கல்ல.

80 கிலோமீட்டர் எஸ்.எஃப்.பி.யை இரண்டு மீட்டர் பேட்ச் கேபிளில் சோதிப்பது

எஸ்.எஃப்.பி. என்பது ஃபைபரைச் செருகும், ஒளியை அனுப்பிப் பெறும் சிறு மாட்யூல். தூரத்துக்காகச் செய்த லேசரின் முழு பலமும் ரிசீவரில் விழும், ரிசீவர் கருகிவிடலாம். நடுவில் ஒளியின் பலத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போடுங்கள். ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே பார்க்காதீர்கள். 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

மஞ்சள் எல்.இ.டி.யைப் பார்த்துப் பதறுவது

பல கார்டுகள் முதன்முறை ஏறும்போது தமக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்குப் பல நிமிடம் பிடிக்கலாம், நடுவில் தானாகவே ரீபூட் ஆகலாம். தொங்கிவிட்டது என்று அந்த நேரத்தில் பிடுங்கினால் நல்ல கார்டும் எழுந்திருக்காமல் போகலாம். ரவுட்டரின் செய்திகளைக் காட்டும் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு, புதுப்பிப்பு முடிந்தது என்ற வரி வரும்வரை லிவரைத் தொடாதீர்கள்.