ஒரே ஒரு படியை மாற்ற வைப்பது எப்படி: வடசென்னையில் வளரும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு

பதினைந்து, பதினாறு வயதில், காலிப்பரோ (காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி) ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ வைத்திருக்கும் ஒருவருக்கு உரிமைக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், மேடைப் பேச்சில் தொடங்க வேண்டாம். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு தடையில் தொடங்குங்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் மனப்பாடமாகவே தெரியும். ரோடு மேல ரோடு போட்டுப் பள்ளமாகிப்போன வாசல், நடைபாதைக்குக் குறுக்கே நிற்கும் பில்லர் பாக்ஸ் (மின் இணைப்புப் பெட்டி), மூன்று படி வைத்த கிளை நூலகம். இதில் ஒன்றே ஒன்றை எடுத்து முடித்துப் பாருங்கள். "இந்தப் பிள்ளை என்ன பண்ணப்போகுதோ" என்று சுற்றியிருப்பவர்கள் பேசும் பேச்சுக்கு நடுவே, தன்னால் ஒரு சுவரையே மாற்ற வைக்க முடியும் என்ற தெம்பு அதில்தான் கிடைக்கிறது.

எதை எடுப்பது? வாரத்துக்கு ஒரு முறையாவது நீங்களே போகும் இடமாக இருக்கட்டும். அரசு அல்லது மாநகராட்சிக் கட்டடமாக இருந்தால் சட்டம் நேரடியாகப் பொருந்தும். முதல் மனுவுக்கு ரேஷன் கடையைத் தவிர்ப்பது நல்லது. 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே பொருள் வந்துவிடுவதால், "வீட்டுக்கே வருதே, சாய்தளம் எதுக்கு?" என்று மடக்குவார்கள். கடைக்குப் போய் வாங்குவதும் உங்கள் உரிமைதான், அந்த வாதத்தை ஜெயிக்கவும் முடியும். ஆனால் முதல் மனுவிலேயே அந்தச் சண்டை வேண்டாம். கிளை நூலகம், பள்ளி, பூங்கா, வார்டு அலுவலகம் இவற்றில் ஒன்றை எடுங்கள். இங்கே நூலகத்தையே உதாரணமாக வைத்துச் சொல்கிறோம்.

அளப்பது

பல மனுக்கள், அளவு இல்லாததால்தான் குப்பைக்குப் போகின்றன. "வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. "மூன்று படி, மொத்த உயரம் 45 செ.மீ., கைப்பிடி இல்லை" என்று எழுதினால் பொறியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தேவையானவை: 5 மீட்டர் ஸ்டீல் டேப், வளையாத 120 செ.மீ. ரீப்பர் (மரச்சட்டம்) ஒன்று, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், சாக்பீஸ், போன். காலை ஆறரை மணிக்குப் போனால் வெயிலும் இருக்காது, வாசலை மறைக்கும் பைக்குகளும் இருக்காது. டேப்பை நீங்கள் பிடியுங்கள், படத்தை நண்பர் எடுக்கட்டும். "இன்னா தம்பி அளக்கிற?" என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள். பெரும்பாலும் பக்கத்துக் கடைக்காரர்தான் பிறகு கையெழுத்துப் போடும் முதல் ஆளாக இருப்பார்.

ஏற்கெனவே சாய்தளம் இருந்தால் அதன் சரிவைப் பாருங்கள். ரீப்பரின் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேல்பக்கம் தொட வைத்து, மறுமுனையைக் கீழ்ப்பக்கம் நீட்டி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் வரும்வரை தூக்கிப் பிடியுங்கள். அந்த முனைக்கும் அதற்கு நேர்கீழே உள்ள சாய்தளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் செங்குத்தாக அளக்க வேண்டும். 10 செ.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் சரி. அதுதான் 1:12 சரிவு. கொத்தனாரிடம் "நாலு அடிக்கு நாலு அங்குலம்" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்.

சாய்தளமே இல்லை என்றால் கணக்கு இப்படி. படிகளின் மொத்த உயரம் 45 செ.மீ. அதைப் 12-ஆல் பெருக்கினால் 540 செ.மீ., அதாவது கிட்டத்தட்ட 18 அடி நீளம். மேலும் கீழும் சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. சமதளம் வேண்டும். அகலம் குறைந்தது 120 செ.மீ. கதவு திறந்த பிறகு உள்ளே நுழையும் வழி 90 செ.மீ.

பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நம் தெருக்களில் வாசலுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நடுவே நாலைந்து அடிதான் இருக்கும். ஒப்பந்ததாரர் அந்த ஐந்து அடிக்குள்ளேயே 45 செ.மீ. உயரத்தை ஏற்றிவிடுவார். நாலு அடிக்கு 14 அங்குலம் ஏறும் அந்தச் சரிவில் தனியாக ஏறினால் நாற்காலி பின்பக்கம் கவிழும். காலிப்பர் போட்டவர் இறங்கும்போது முழங்கால் மடங்கும். இடம் இல்லை என்பது உண்மையான காரணமும் இல்லை. சாய்தளத்தை வாசலுக்கு நேராக நீட்டாமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோகலாம், அல்லது 270 செ.மீ. ஏறி, 150 செ.மீ. சமதளத்தில் திரும்பி, மீண்டும் 270 செ.மீ. ஏறலாம். இதை ஒரு தாளில் கோடு போட்டு மனுவோடு வைத்துவிடுங்கள். கணக்குப் போட்டுத் தந்த மனுவை "சாத்தியமில்லை" என்று ஒரு வரியில் தள்ளுவது கடினம்.

கைப்பிடி இரண்டு பக்கமும், இரண்டு உயரங்களில் வேண்டும். மேலே உள்ளது சுமார் 90 செ.மீ. கீழ்க் கைப்பிடி சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் சிறு பிள்ளைகளுக்கும். விளிம்பில் சக்கரம் நழுவாதபடி சின்னக் கட்டை. தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும். பளபளக்கும் டைல்ஸ் ஒட்டிவிட்டால் ஐப்பசி மழையில் ஊன்றுகோலின் ரப்பர் புஷ் வழுக்கிக்கொண்டே போகும். சாய்தளம் தரையைத் தொடும் இடத்தில் இரண்டு செ.மீ. மேடு இருந்தாலே முன்சக்கரம் நின்றுவிடும், அதையும் அளந்து எழுதுங்கள்.

நடைபாதை என்றால் பார்க்க வேண்டியது வேறு. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 103-ஆம் வழிகாட்டியின்படி நடக்கும் இடம் 1.8 மீட்டர் அகலம், ஓர உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பைக் ஏறாமல் இருக்க நடும் குட்டைத் தூண்களுக்கு நடுவே 120 செ.மீ. இடைவெளி வேண்டும்.

படம் எடுக்கும்போது டேப்பில் உள்ள எண் தெளிவாகத் தெரிய வேண்டும். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. நீங்கள் தவழ்ந்து ஏறுவது போன்ற படம் வேண்டாம். பார்ப்பவர்கள் உங்கள்மேல் இரக்கப்படுவார்கள், படியை மறந்துவிடுவார்கள்.

யாருடைய இடம்?

தவறான அலுவலகத்துக்குப் போன மனு சுற்றிக்கொண்டே இருக்கும். நூலகத்தை நடத்துவது பொது நூலகத் துறை. கட்டடம் மாநகராட்சியுடையதாகவோ வாடகையாகவோ இருக்கலாம், நூலகரிடமே கேட்டுவிடலாம். வடிகால் மூடி மாநகராட்சி, பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியம், பில்லர் பாக்ஸ் மின்வாரியம். தண்டையார்பேட்டையிலேயே ரயில் நிலையம் தெற்கு ரயில்வே, மெட்ரோ நிலையம் சென்னை மெட்ரோ நிறுவனம். மாநகராட்சி என்றால் மண்டலத்தைப் பாருங்கள்: திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. சந்தேகம் இருந்தால் இரண்டு துறைக்கும் ஒரே மனுவை அனுப்பி, இருவர் பெயரையும் மேலேயே எழுதுங்கள்.

மனு

ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"ஐயா, எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் நுழைவாயிலில் மூன்று படிகள் உள்ளன. மொத்த உயரம் 45 செ.மீ. சாய்தளமோ கைப்பிடியோ இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 45-இன்படி ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு 2022 ஜூனில் முடிந்தது. 1:12 சரிவில், 120 செ.மீ. அகலத்தில், இருபுறமும் கைப்பிடியுடன் சாய்தளம் அமைத்து, எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். அளவுகள், படங்கள், வரைபடம் இணைப்பில்."

"இதெல்லாம் வெறும் வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சட்டம் கட்டாயமாக்கியதை வெறும் பரிந்துரையாகச் சுருக்கிய, 2017 விதிகளில் உள்ள விதி 15(1) செல்லாது என்றது தீர்ப்பு. அதனால் மனுவில் விதியைவிடச் சட்டப் பிரிவையே முன்னால் வையுங்கள்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாநகராட்சிப் புகார் என்றால் 1913-க்கும் பேசிப் புகார் எண் வாங்கலாம். ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் நேரிலும் கொடுக்கலாம்.

அலுவலகத்தில் ஒன்று நிச்சயம் நடக்கும். மனுவை நீட்டுவது நீங்களாக இருந்தாலும், அவர்கள் பின்னால் நிற்கும் அப்பாவைப் பார்த்து, "தம்பிக்கு பென்ஷனா சார்?" என்று கேட்பார்கள். கிளம்பும் முன்பே வீட்டில் பேசிவைத்துக்கொள்ளுங்கள்: அங்கே அப்பா பதில் சொல்லக் கூடாது. "சார், மனு என்னுது. நூலகப் படி பத்தி. என்கிட்ட சொல்லுங்க." இதை வீட்டில் நாலு தடவை சொல்லிப் பழகிவிட்டால் அங்கே குரல் நடுங்காது. "வரும்போது சொல்லு, நாங்களே தூக்கி உள்ளே விடுறோம்" என்பார்கள். நன்றி சொல்லுங்கள், மனுவைத் திரும்ப வாங்காதீர்கள். தூக்குகிறவர் லீவு போட்ட நாளில் அந்தப் படி அங்கேயே இருக்கும்.

பதில் வராவிட்டால்

முப்பது நாள் பாருங்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று புகாரை மூடிவிட்டு வேலை நடக்காமல் இருந்தால், அன்றே படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி போடுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள்: என் மனு மீதான கோப்புக் குறிப்பின் நகல், மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல். 30 நாளில் தகவல் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 18 வயது ஆகாதவர்கள் இதை அம்மா அல்லது அப்பா பெயரில் போட்டால் சிக்கல் குறையும்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். வக்கீல் தேவையில்லை. சட்டத்தின் 82-ஆம் பிரிவில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், 81-ஆம் பிரிவின்படி அந்தத் துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். முத்திரை போட்ட நகல்களையெல்லாம் தேதி வரிசையில் அடுக்கி இணைத்துவிடுங்கள்.

வேலை தொடங்கியதும் தினமும் ஒரு நடை போய்ப் பாருங்கள். கான்கிரீட் போடும் முன், பலகை அடித்த நிலையிலேயே சரிவை அளந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு ரீப்பரால் அளந்து, 10-க்குப் பதில் 14 செ.மீ. என்று கண்டுபிடித்தால், உடைப்பதற்கு இன்னொரு மனு எழுத வேண்டிவரும். தவறு இருந்தால் ஒப்பந்ததாரருக்குப் பணம் பட்டுவாடா ஆகும் முன்பே உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இரண்டாவது தடையைத் தனியாக எடுக்காதீர்கள். பார்வையற்ற ஒருவரையும் காது கேளாத ஒருவரையும் கூட்டிக்கொண்டு அதே தெருவில் போனால், உங்கள் கண்ணில் படாத பாதிப் பிரச்சினை தெரியவரும். வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 2025 ஜூனில் தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றின் மடக்குப் பலகையை விரிக்க, பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நிற்க வேண்டும். உங்கள் நிறுத்தத்தில் அப்படி நிற்கிறதா, ஷேர் ஆட்டோ மறிக்கிறதா, அறிவிப்பு ஒலிக்கிறதா என்று நாலு பேர் சேர்ந்து ஒரு வாரம் குறித்துவைத்தால் அதுவே அடுத்த மனு. பரீட்சை மாதங்களில் நிறுத்திவையுங்கள், கோப்பு எங்கேயும் போகாது.

வார்டு பகுதி சபையிலும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இந்தக் கோப்போடு பேசலாம். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் தமிழ்நாடு 2025-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. வயது வந்த பிறகு அதற்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், முதல் மனுவிலிருந்தே அளவுக் குறிப்பு, முத்திரை நகல், ஆர்டிஐ பதில், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேர்த்து வாருங்கள். விண்ணப்பத்தோடு அதையே இணைக்கலாம்.