மூன்றாம் கியர் கத்தும் ஹைலக்ஸ்: கியர்பாக்ஸை நாமே பிரித்துச் சேர்ப்பது எப்படி?

ஓமானின் துக்ம் பக்கம் ஒரு கேம்ப்பில் இருக்கிறேன். மஸ்கட் இங்கிருந்து சுமார் 550 கிலோமீட்டர். ஊருக்குத் திரும்பிய ஒருவரிடமிருந்து பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வாங்கினேன். 22ஆர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், பின்சக்கர இழுவை. நாலிலிருந்து மூன்றுக்கு இறக்கினால் 'கர்ர்' என்று பல் உரசும். மஸ்கட்டுக்கு ஏற்றி அனுப்பும் கூலியைக் கேட்டபின் நானே பிரித்துவிடலாம் என்று இறங்கினேன். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். எல்லா கியரிலும், ரிவர்ஸிலும் உரசினால் க்ளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். ஒரே ஒரு கியரில் மட்டும் உரசுகிறது, நியூட்ரலில் க்ளட்சை விட்டு ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டி மறுபடி க்ளட்ச் மிதித்துப் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறது என்றால், அந்த கியரின் சின்க்ரோ ரிங் (கியர் விழும் முன் வேகங்களை ஒன்றாக்கும் பித்தளை வளையம்) தேய்ந்திருக்கிறது. நியூட்ரலில் ஊளைச் சத்தம் வந்து, க்ளட்ச் மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

ஆயில் வடிக்கும் முன் நிரப்பும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். அது துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால், வடித்த பிறகு புது ஆயில் ஊற்ற வழியிருக்காது. வடித்த ஆயிலில் தங்கப்பொடி போல மின்னினால் அது பித்தளை, ரிங் தேய்ந்த தூள். இரும்புத் துண்டுகள் வந்தால் செலவு கூடும்.

கியர்பாக்ஸை இறக்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், க்ளட்ச் சிலிண்டர், பெல் ஹவுசிங் போல்ட்டுகள். ஆனால் தனியாக இறக்காதீர்கள். இன்னொரு ஆள் வேண்டும், வண்டி ஆக்சில் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், வெறும் ஜாக்கியில் கூடாது.

துக்ம்மில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓயாது, மணலை அள்ளிக்கொண்டு வரும். அதனால் நான் கன்டெய்னர் அறைக்குள், பழைய படுக்கை விரிப்பின் மேல் பிரித்தேன். மணல் துகள் ஒன்று பேரிங்கில் விழுந்தாலும் வேலை பாழ். இரவில் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டுத்தான் தூங்கினேன். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையில் வைத்துப் போட்டோ எடுங்கள்.

இந்த டொயோட்டா கியர்பாக்ஸில் கியர்கள் எல்லாம் ஒரு நடுத்தகட்டில் தொங்குகின்றன. முன்மூடியைக் கழற்றி, பேரிங்குகளின் ஸ்னாப் ரிங்குகளை (பாகம் நகராமல் பிடிக்கும் வெட்டு வளையங்கள்) எடுத்தால் ஹவுசிங் முன்னால் உருவி வரும். பின்பக்கம் ஐந்தாம் கியர் நட்டின் விளிம்பை உளியால் தட்டி நிமிர்த்த வேண்டும். ஃபோர்க் ராடுகளை (கியர் போடும் கவைகளைத் தாங்கும் தண்டுகள்) எடுத்த பிறகு இரண்டு கியரை ஒரே நேரத்தில் விழவைத்தால் ஷாஃப்ட்டுகள் பூட்டிக்கொள்ளும், நட்டு கழன்றுவிடும். ஃபோர்க் ராடுகளைப் பிடிக்கும் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் டி40 டார்க்ஸ் (நட்சத்திர வடிவக் குழியுள்ள) மூடிகளுக்கு அடியில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடுங்கள்.

கருவி பற்றி ஒரு வார்த்தை. இந்த ஸ்னாப் ரிங்குகளில் ஓட்டை இருக்காது. சாதாரண சர்க்ளிப் பிளையர் வழுக்கும். தட்டை வாயுள்ள ஸ்னாப் ரிங் பிளையருக்குக் காசு கொடுங்கள். ஸ்க்ரூடிரைவர் இரண்டை வைத்துப் போராடாதீர்கள்.

புது ரிங் வாங்கும் முன் பழையதை அளந்து பார்க்கலாம். ரிங்கை கியரின் கூம்பில் கையால் அழுத்தி, இரண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். என் பழைய மூன்றாம் கியர் ரிங்கில் இடைவெளி 0.3 மில்லிமீட்டர், புதியதில் 1.2. மற்ற ரிங்குகள் நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றினேன். மஸ்கட்டிலிருந்து ஒரு பார்சல் வரும் நேரத்தில் இரண்டு பார்சலுக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. பேரிங் வாங்கும்போது கோயோ, என்எஸ்கே, நாச்சி என்று நம்பகமானதாகக் கேளுங்கள்.

இப்போது என்னை இரண்டு வாரம் நிறுத்திய படி. மூன்றாம் கியர், அதன் மேல் சின்க்ரோ ரிங், அதன் மேல் ஹப் (ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் துண்டு). ஹப்பை வெல்டிங் ஷாப்பின் ஹைட்ராலிக் பிரஸில் வைத்து அழுத்தினேன். நன்றாக இறங்கியது. கழற்றிப் பார்த்தால் புது ரிங் வளைந்து கிடந்தது. ரிங்கில் மூன்று பள்ளங்கள் உண்டு. ஹப்பில் உள்ள மூன்று சாவிகள் (சிறு உலோகக் கட்டைகள்) அவற்றில் சரியாக உட்கார வேண்டும். ரிங் சிறிது திரும்பியிருந்தால் சாவி மேட்டில் ஏறி ரிங்கை நசுக்கிவிடும். வெளியிலிருந்து தெரியவே தெரியாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அழுத்தும் முன் ரிங்கின் பள்ளங்களுக்கும் ஹப்பின் சாவிகளுக்கும் நேராக மார்க்கரால் கோடு போடுங்கள். ஐந்து மில்லிமீட்டர் இறக்குங்கள், நிறுத்துங்கள், ரிங்கை விரலால் அசைத்துப் பாருங்கள். இலேசாக ஆட வேண்டும். ஆடவில்லையா, உடனே பிரஸை விடுவியுங்கள். கடைசி வரை இதே மாதிரி. ஹப்புக்கும் அதன் மேல் சறுக்கும் ஸ்லீவுக்கும் முன்பின் திசை உண்டு, கழற்றும்போதே பெயின்ட் குறி வைத்துவிடுங்கள்.

ஹப் இறங்கியதும் ஸ்னாப் ரிங். இவை பல தடிமனில் வரும். உள்ளே போகிறவற்றில் தடிமனானதைப் போட்டு, ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் கியரைக் கையால் சுற்றுங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும்.

ஆயில் கேட்கும்போது ஜிஎல்-4 (தரக்குறி), 75டபிள்யூ-90 (தடிமன் குறி) என்று சொல்லுங்கள். கடையில் பெரும்பாலும் ஜிஎல்-5 எடுத்துக் கொடுப்பார்கள், அது பின் ஆக்சிலுக்கானது. அதிலுள்ள சில கந்தகச் சேர்மானங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். நிரப்பும் துளையில் வழியும் வரை ஊற்றுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒரு நண்பருக்கு கியர்பாக்ஸ் அப்படியே பூட்டிக்கொண்டது. ஃபோர்க் ராடுகளுக்கு நடுவே இருக்கும் இன்டர்லாக் பின்னை (இரண்டு ராடு ஒன்றாக நகராமல் தடுக்கும் சிறு துண்டு) அவர் விட்டுவிட்டார். இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டன. பழைய பிசினில் ஒட்டிக்கொண்டு அது துளைக்குள்ளேயே தங்கும், அல்லது கழுவும்போது தொட்டியில் போய்விடும். மூடுவதற்கு முன் கியர் லீவரை வைத்து ஒன்று முதல் ஐந்து வரையும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். ஒரு ராடை முன்னே தள்ளிவிட்டு அடுத்ததைத் தள்ளினால், அது நகரக்கூடாது.