டமாஸ்கஸ் ஊருக்கு முதல் பயணம்: அப்பலாச்சியன் டிரெயிலில் நடக்கத் தொடங்குவது எப்படி?

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் வசிக்கும் நம்மவர்கள் பலர் மலைக்குப் போனாலும் நடப்பதில்லை. காரிலேயே ஏறி, வியூ பாயிண்டில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த வியூ பாயிண்டுக்குப் போய்விடுகிறோம். நடக்க ஆசை உண்டு, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஊர் டமாஸ்கஸ். சிரியாவின் தலைநகர் இல்லை. வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், டென்னசி எல்லையை ஒட்டி இருக்கும் சிற்றூர். ஆயிரம் பேர்கூட இல்லை.

அப்பலாச்சியன் டிரெயில் ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. மொத்தம் கிட்டத்தட்ட 2,200 மைல், அதாவது 3,500 கிலோமீட்டர். அந்தப் பாதை டமாஸ்கஸில் மலையிலிருந்து இறங்கி, ஊர்ப் பூங்காவைக் கடந்து, லாரல் அவென்யூ என்ற கடைத்தெருவின் நடைபாதையாகவே போகிறது. தெற்கிலிருந்து நடந்து வருகிறவர்கள் இங்கே வந்து சேரும்போது 470 மைல் நடந்திருப்பார்கள். நீங்கள் காரை நிறுத்திவிட்டு அதே நடைபாதையில் நடக்கலாம். முதல்முறை போகிறவருக்கு இதைவிடச் சுலபமான வாசல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

படி 1: எப்போது போவது?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை அல்லது அக்டோபர். ஏப்ரல், மே மாதங்களில் டிரெயில் முழுவதையும் நடந்து கடக்கும் நெடுநடைக்காரர்கள் ஊரை நிறைத்திருப்பார்கள். ஜூனில் உயரமான மேடுகளில் ரோடோடென்ட்ரான் பூக்கும். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

மே நடுவில் ஒரு வார இறுதியில் 'டிரெயில் டேஸ்' திருவிழா நடக்கும். டிரெயில் முழுமை பெற்றது 1937இல். அதன் ஐம்பதாம் ஆண்டான 1987இல் இந்த விழா தொடங்கியது. நடந்து முடித்தவர்கள், பாதியில் இருப்பவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். பார்க்க வேண்டிய கூட்டம்தான். ஆனால் அமைதியாக நடக்க விரும்பும் புதியவர் அந்த வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது. அறையும் கிடைக்காது.

படி 2: போய்ச் சேர்வது, தங்குவது

சார்லட்டிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வாஷிங்டன் பக்கத்திலிருந்து என்றால் நாள் பாதி போய்விடும். ஐ-81 நெடுஞ்சாலையில் அபிங்டனில் 19ஆம் எக்ஸிட் எடுத்து, 58ஆம் எண் சாலையில் கிழக்கே போனால் ஊர் வந்துவிடும். பஸ், ரயில் எதுவும் கிடையாது.

தங்க இரண்டு வழி. குடும்பத்தோடு போனால் பி அண்ட் பி (காலை உணவோடு அறை தரும் வீடு) அல்லது வாடகை வீடு. தனியாகவோ நண்பர்களோடோ போனால் ஒரு இரவாவது ஹாஸ்டலில் தங்கிப் பாருங்கள். பங்க் படுக்கை, பொதுச் சமையலறை, துணி துவைக்கும் மிஷின், வாசலில் வரிசையாகச் சேறு படிந்த காலணிகள். காலணியை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவது நமக்குச் சொல்லித்தர வேண்டிய பழக்கமில்லை. இரவு பத்து மணிக்கெல்லாம் விளக்கணைத்துவிடுவார்கள். விடிவதற்கு முன்பே பை கட்டும் சத்தம் கேட்கும்.

படி 3: முதல் மாலை, ஊரைச் சுற்றி வருவது

அறையில் பையை வைத்த கையோடு லாரல் அவென்யூவுக்கு வாருங்கள். மின்கம்பங்களில் வெள்ளைக் கோடு தெரியும்: இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். ஜார்ஜியா முதல் மெயின் வரை வழிகாட்டுவது இந்தக் கோடுதான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோடுகள் இருந்தால் பாதை திரும்பப்போகிறது, கவனி என்று அர்த்தம். பல இடங்களில் மேல் கோடு எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். நீலக் கோடு கிளைப்பாதைக்கு: தண்ணீருக்கோ, தங்கும் கொட்டகைக்கோ, வியூ பாயிண்டுக்கோ போகும். பிள்ளைகளோடு போனால் கோடு கண்டுபிடிப்பதை விளையாட்டாக்கி ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள். மறுநாள் காட்டில் அவர்களே உங்களுக்கு வழி காட்டுவார்கள்.

அதே தெருவில் டமாஸ்கஸ் டிரெயில் சென்டர் இருக்கிறது. பாதையில் மரம் விழுந்திருக்கிறதா, எங்கே தண்ணீர் கிடைக்கும், கரடி நடமாட்டம் எப்படி என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மலையில் சிக்னலை நம்ப முடியாது. அன்றிரவே வரைபடத்தை போனில் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். நெடுநடைக்காரர்களில் பலர் பயன்படுத்துவது ஃபார்அவுட் ஆப்.

படி 4: பை

ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, மெல்லிய கம்பளி அல்லது ஃப்ளீஸ், தலையில் கட்டும் டார்ச், பிளாஸ்திரி, குப்பை போட ஒரு ஜிப் பை. ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி டி-சட்டையும் வேண்டாம். நனைந்தால் காயாது, மலைக்காற்றில் உடம்பு சில்லிட்டுவிடும். காலணி புதிதாக இருந்தால் முந்தைய இரண்டு வாரம் வீட்டுப் பக்கம் போட்டுப் பழக்குங்கள்.

சாப்பாட்டுக்கு என் சிபாரிசு புளியோதரை. சீக்கிரம் கெடாது, உப்பும் எண்ணெயும் வேர்வையில் போன தெம்பைத் திருப்பித் தரும், ஃபாயிலில் பொதிந்தால் கையாலேயே சாப்பிடலாம். கூட வறுத்த வேர்க்கடலையும் பேரீச்சையும். ஊர் உணவகங்களில் சைவம் என்றால் பர்கர் வகையோ பீட்சாவோதான் பெரும்பாலும் கிடைக்கும். சுத்த சைவக்காரர்கள் பொதுச் சமையலறை உள்ள இடமாகப் பார்த்துத் தங்கினால் நிம்மதி. மிச்சச் சோற்றைக் காட்டில் கொட்டாதீர்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி ஆட்களைத் தேடி வரத் தொடங்கும், கடைசியில் உயிர் போவது கரடிக்குத்தான்.

படி 5: முதல் நடை, மாநில எல்லை வரை

ஊர்ப் பூங்காவிலிருந்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துத் தெற்கே நடந்தால், மூன்றரை மைலில் வர்ஜீனியா - டென்னசி எல்லை வரும். போய்வர ஏழு மைல், ஆயிரம் அடிக்கு மேல் ஏற்றம். முதல்முறை நடப்பவருக்கு ஏற இரண்டரை மணி நேரம், இறங்க இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம்.

முதல் சில நிமிடம் வீடுகளுக்கு இடையே. அப்புறம் பாதை காட்டுக்குள் நுழைந்து நேராக ஏறத் தொடங்கும். இங்கேதான் பலர் வேகமாக நடந்து மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச முடியாமல் திணறினால் குறையுங்கள். வேர்களில் கால் வைக்காமல், அவற்றைத் தாண்டி வையுங்கள். மழைக்குப் பிறகு வேர் வழுக்கும்.

எதிரே பெரிய பையோடு ஒருவர் இறங்கி வந்தால், ஜார்ஜியாவிலிருந்து நடந்து வருபவராக இருக்கலாம். பொதுவாக ஏறுகிறவருக்குத்தான் வழி விட வேண்டும் என்பது முறை. ஆனாலும் முதுகில் சுமை இல்லாத நீங்கள் ஒதுங்கி நின்றால் அவர் முகம் மலரும். உண்மைப் பெயருக்குப் பதில் பாதையில் கிடைத்த பட்டப்பெயரைத்தான் பலர் சொல்வார்கள். அதையே சொல்லிக் கூப்பிடுங்கள்.

எல்லையில் பெரிய காட்சி ஒன்றும் இல்லை, மரங்கள்தான். ஒரு காலை ஒரு மாநிலத்திலும் மறுகாலை அடுத்ததிலும் வைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். எல்லையே வராவிட்டாலும் பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவது என்று கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டால் இறங்கும்போது அவசரம் இருக்காது. அவசரத்துக்கு ஒதுங்க வேண்டியிருந்தால் பாதையிலிருந்தும் நீரிலிருந்தும் 200 அடி தள்ளிப்போய், ஆறு அங்குலக் குழி தோண்டி மூடிவிட வேண்டும். காகிதத்தை ஜிப் பையில் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

படி 6: இரண்டாம் நாள்

கால் வலித்தால் சைக்கிள். பழைய ரயில் பாதையைச் செப்பனிட்டு உருவாக்கிய வர்ஜீனியா கிரீப்பர் டிரெயில் அபிங்டனிலிருந்து இந்த ஊர் வழியாக மேலே வைட்டாப் வரை 34 மைல். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் டமாஸ்கஸுக்கு மேலே இருந்த பாலங்களை அடித்துச் சென்றுவிட்டது. அந்தப் பாதி மூடப்பட்டது. நீங்கள் போகும் வேளையில் நிலைமை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். அபிங்டன் - டமாஸ்கஸ் பாதி ஏறக்குறைய சமதளம், பிள்ளைகளும் ஓட்டலாம். சைக்கிளை இங்கேயே வாடகைக்கு எடுங்கள், சாப்பாட்டையும் இங்கேயே வாங்குங்கள். நடப்பவர்களையும் சைக்கிள்காரர்களையும் நம்பிப் பிழைக்கும் ஊர் இது, வெள்ளம் அந்தப் பிழைப்பில்தான் அடித்தது.

கால் வலிக்கவில்லையா? அப்படியானால் கிழக்கே மலைச்சாலையில் கிரேசன் ஹைலேண்ட்ஸ் பூங்காவுக்குப் போங்கள். மாசி கேப் என்ற இடத்தில் காரை நிறுத்தி அரை மைல் போல நடந்தால் அப்பலாச்சியன் டிரெயிலைத் தொடலாம். மரமில்லாத புல்மேடுகளில் குட்டைக் குதிரைகள் மேயும். மேடுகளைப் புதர் மூடிவிடாமல் இருக்க 1970களில் கொண்டுவந்து விடப்பட்டவை. பிடரி மயிர் கண்ணை மறைக்க, பக்கத்திலேயே வந்து பையை மோப்பம் பிடிக்கும். தொடவும் கூடாது, தீனி போடவும் கூடாது. அங்கிருந்து மேலும் நடந்தால் வர்ஜீனியாவின் மிக உயரமான மவுண்ட் ராஜர்ஸ், 5,729 அடி. உச்சியில் அடர்ந்த ஊசியிலைக் காடுதான், காட்சி இல்லை. முதல்முறைக்குப் புல்மேட்டோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

படி 7: கிளம்பும் முன்

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அன்று மாலையே குளித்து, உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்புறம் தடவிப் பாருங்கள். லைம் நோய் அதனால்தான் வருகிறது. கடித்திருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஹாஸ்டல்களில் 'ஹைக்கர் பாக்ஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும். தனக்கு வேண்டாததைப் போடலாம், வேண்டியதை யாரும் எடுக்கலாம். பிரிக்காத பருப்பு பாக்கெட், உடனடி உப்புமா, ஊறுகாய் சாஷே மிச்சமிருந்தால் அதில் போடுங்கள். உப்புமா போட்டால், ஒரு கப்புக்கு எத்தனை கப் வெந்நீர், எத்தனை நிமிடம் மூடி வைக்க வேண்டும் என்று மேலே ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். பால், முந்திரி கலந்த பொருளென்றால் அதையும் எழுதுங்கள்; ஒவ்வாமை உள்ளவர் எடுக்கக்கூடும்.